காளைக்கு நோய் என்று பேச்சுக் கிளம்பினால்: நான் பட்ட பாடும் செய்த வேலைகளும்

நாட்டு மாடு வளர்க்கிறவர்களுக்குக் கோமாரி வந்தால் என்ன செய்வது, சினை நிற்காவிட்டால் யாரைப் பார்ப்பது என்றெல்லாம் சொல்லித்தர ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். நம் மாட்டைப் பற்றி ஒரு பொய் கிளம்பிவிட்டால் முதலில் எதைச் செய்ய வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. கண்காட்சிக்கும் மாட்டுத்தாவணி என்கிற மாட்டுச் சந்தைக்கும் மாடு பிடித்துப் போகிறவர்களில் யாருக்காவது நாளைக்கு இது நடக்கலாம். அப்போது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து காங்கேயம் மாடுகள்தான். கிளுவை வேலி போட்ட கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், அதில் கொழுக்கட்டைப்புல், நடுவே வெள்வேல மரங்கள், அங்கேயே மேய்ந்து வளர்ந்த உருப்படிகள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்த பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனியில் பார்த்துக்கொண்டிருந்த கணக்கு வேலையை விட்டுவிட்டு நான் கட்டுத்தறிக்கு வந்தேன். அப்பா பார்த்துப் பார்த்து வளர்த்த மயிலை, அதாவது சாம்பல் நிற, பூச்சிக்காளை (இனச்சேர்க்கைக்கு விடும் காளை) ஒன்று இருந்தது. பக்கத்தில் நடந்த ஒரு கண்காட்சியில் அது முதல் பரிசு வாங்கியது. அதன் பிறகு வெள்ளகோவில், முத்தூர், தாராபுரம் பக்கமிருந்தெல்லாம் பருவத்துக்கு வந்த மாடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஒரு தடவை காளைக்கு விட ஆயிரம் ரூபாய். மருந்துச் செலவும் சோளத்தட்டுச் செலவும் அதிலேயே ஓடியது. பரிசு வாங்கிய காளையைப் பிடித்துக்கொண்டு நின்றது ஒரு பெண் என்பது சிலருக்குப் பிடிக்கவில்லை என்று அன்றைக்கே தெரிந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

எங்கள் காளைக்கு விட்ட ஒரு மாடு ஏழாம் மாதத்தில் கன்று வீசிவிட்டது, அதாவது சினை கலைந்துவிட்டது. இது உண்மை. அந்த மாட்டுக்காரரே போன் பண்ணி வருத்தப்பட்டுச் சொன்னார், என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. அதற்கு அடுத்த வாரமே காங்கேயம் மாட்டுக்காரர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒரு குரல் பதிவு வந்தது. "பரிசு வாங்கின காளைன்னு ஓடாதீங்க சாமி. அந்தக் காளைக்கு கன்று வீச்சு நோய் இருக்குதாமா. விட்ட மாடெல்லாம் வீசிட்டு நிக்குதாமா. அந்த அம்மிணி மறைச்சு வெச்சுக் காசு பாக்குதாமா." எங்கள் ஊர்ப் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. ஆனால் யாரைச் சொல்கிறார்கள் என்று கேட்ட எல்லோருக்கும் தெரியும். ஒரு மாடு 'எல்லா மாடும்' ஆகிவிட்டது. வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு 'தாமா'. சொன்னவருக்குப் பொறுப்பே இல்லாமல் செய்துவிடுகிறது அந்த ஒரு ஒட்டு. திரும்பத் திரும்பக் கேட்டேன். கை நடுங்கியது. அப்பா காதில் விழுந்துவிடக் கூடாதே என்று தொட்டிப் பக்கம் போய் நின்று கேட்டேன்.

ஒரு பேச்சு கிளம்பினால் துணைக்கு இன்னும் நாலு சேர்ந்துகொள்ளும். காளைக்கு வாலுக்குக் கிட்டே துடைப்பச் சுழி என்ற மயிர்ச்சுழி இருக்கிறதாம், அது குடும்பத்தையே துடைத்துவிடுமாம், அப்பா படுத்ததே அதனால்தானாம். பரிசு கொடுத்த நடுவர் எங்களுக்குச் சொந்தக்காரராம். வயதை மறைக்கப் பல்லை ராவிவிட்டோமாம். இவற்றில் சுழிப் பேச்சு என்னைத் தின்றதுபோல நோய்ப் பேச்சுகூடத் தின்னவில்லை. நோய் இல்லை என்று ரத்தம் எடுத்துக் காட்டலாம். அப்பாவின் உடம்பையும் ஒரு மயிர்ச்சுழியையும் முடிச்சுப் போட்டவனிடம் எதைக் காட்டுவது? அப்பாவுக்கு இரத்த அழுத்தம் பல வருஷமாக இருந்தது, மாத்திரையை ஒழுங்காகப் போடமாட்டார். இதைச் சந்தையில் நின்று நான் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேரையொட்டி மாட்டுச் சந்தை கூடும். காங்கேயம் மாட்டுக்கென்றே கூடுகிற பெரிய சந்தை அது. எங்கள் காளைக்குப் பிறந்த இளங்காளை ஜோடி ஒன்றை அங்கே கொண்டுபோயிருந்தோம். சந்தைக்கு முன்பே ஒருவர் ஒரு லட்சத்து நாற்பத்தைந்தாயிரத்துக்குப் பேசி, பத்தாயிரம் முன்பணம் கொடுத்திருந்தார். வந்து பணத்தைத் திருப்பிக் கேட்டார். காரணம் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. அதற்குப் பிறகு ஒரு வியாபாரி வந்தார். பல் பிடித்துப் பார்த்தார், ரெண்டு பல். திமிலைத் தட்டினார், நடக்கவிட்டுப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். என் மாமாவும் அவரும் துண்டுக்கடியில் கையைக் கொடுத்து, விரலைத் தொட்டே விலை பேச ஆரம்பித்தார்கள். பாதிப் பேச்சில் ஒரு தரகர் பின்னால் வந்து வியாபாரியின் காதில் என்னமோ சொன்னார். துண்டு அப்படியே இருந்தது, வியாபாரியின் முகமும் மாறவில்லை. "விரல் ரெண்டு தளந்துருச்சு கண்ணு, அப்பவே தெரிஞ்சுபோச்சு" என்று மாமா பிறகு சொன்னார். கடைசி நாள் மாலை, திரும்ப ஏற்றிக்கொண்டு போகும் வண்டி வாடகைக்கும் தீனிச் செலவுக்கும் பயந்து, ஒரு லட்சத்து ஐயாயிரத்துக்கு விட்டோம். நாற்பதாயிரம் அங்கேயே போச்சு.

அந்த ஜோடியை வாங்கியவர், காதில் குசுகுசுத்த தரகர் வழக்கமாகக் கைகாட்டும் ஆள் என்று கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவர்தான் பேச்சைக் கிளப்பினார் என்று நான் சொல்லவில்லை. கிளம்பிய பேச்சை வைத்து விலையை இறக்கத் தெரிந்தவர், அவ்வளவுதான். கெட்ட பேச்சு ஓடும்போது உங்கள் மாட்டுக்கு யார் விலை கேட்டு வருகிறார்கள் என்று கவனியுங்கள். உண்மையிலேயே நோய்க்குப் பயந்தவன் அந்தப் பட்டிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டான். "பேச்சு இப்படி இருக்குது, இருந்தாலும் நான் எடுத்துக்கறேன்" என்று வருகிறவனுக்கு அது பொய்யென்று நம்மைவிட நன்றாகத் தெரியும். முடிந்தால் அந்த நேரத்தில் விற்காதீர்கள். கண்ணபுரத்தில் விலை படியாவிட்டால் பழையகோட்டைத் தாவணி ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடுகிறது, ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை இருக்கிறது. பேச்சு தணிகிற வரை தீனி போட்டுக் காப்பாற்றும் செலவு, நான் இழந்த நாற்பதாயிரத்தில் கால்வாசிகூட ஆகியிருக்காது.

பதிவில் பேசிய குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும். அப்பா 'மாப்ள' என்று கூப்பிடுகிற ஆள். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்தவர். நேரில் போய்க் கேட்டேன். "நானா ஒண்ணும் சொல்லலை கண்ணு. கேட்டதைச் சொன்னேன், நாலு பேருக்கு நல்லதாச்சேன்னு" என்றார். யாரிடம் கேட்டீர்கள் என்றால் சந்தையில் என்றார். சந்தையில் யார் என்றால் எல்லோரும்தான் என்றார். அங்கிருந்து இன்னொருவர், அவரிடமிருந்து வேறொருவர் என்று பெட்ரோல் போட்டு அலைந்ததில் ஒன்றும் கிடைக்கவில்லை. நான் அலைகிற செய்திதான் தனியாக ஒரு கதையாகிவிட்டது. "அம்மிணி ஊடு ஊடாப் போயி மெரட்டுது" என்றார்கள். யார் ஆரம்பித்தது என்ற கேள்விக்கு விடை கிடைத்தாலும் ஒரு மாடுகூடத் திரும்பி வராது. இந்தப் பேச்சுக்குள் எது உண்மை என்ற கேள்விதான் வேலைக்கு ஆகும். சுத்தப் பொய் ரொம்ப நாள் ஓடாது. உள்ளே ஒரு உண்மை உட்கார்ந்திருக்கும். இதில் உண்மை, ஒரு மாடு கன்று வீசியது. அதை நான் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் பகுதி கால்நடை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். கன்று வீச்சு நோய் என்று நாம் சொல்லும் புரூசெல்லோசிஸ் பெரும்பாலும் சினையின் பிற்பாதியில்தான் கன்றை வீசவைக்கும். அதனால் ஏழாம் மாதம் என்றதும் ஜனங்கள் சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் முட்டு வாங்கினாலும், வழுக்கி விழுந்தாலும், கடுமையான காய்ச்சல் வந்தாலும், எலிக்காய்ச்சல் கிருமி தாக்கினாலும் மாடு கன்று வீசும். புரூசெல்லா அதிகம் பரவுவது வீசிய கன்று, நஞ்சுக்கொடி, அதோடு வரும் நீர் இவற்றால்தான். மனிதருக்கும் தொற்றும். விட்டு விட்டுக் காய்ச்சலும் மூட்டு வலியும் ஆளை வாட்டும். அதனால் வீசிய கன்றை வெறுங்கையால் தொடக் கூடாது, ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும், பாலைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. பேச்சு பொய்யாக இருந்தாலும் இந்த எச்சரிக்கையெல்லாம் உண்மை. முடிவு வரும் வரை காளைக்கு மாடு விடுவதை நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். "நிறுத்திட்டா பாத்தியா, அப்ப நெசந்தான்" என்று ஒரு சுற்று பேசினார்கள். அதைத் தாங்கிக்கொண்டுதான் ஆக வேண்டும். ஒருவேளை உண்மையிலேயே நோய் இருந்து, என் ரோஷத்துக்காக இன்னும் நாலு பேர் பட்டியில் அதைப் பரப்பியிருந்தால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

ரத்தம் எடுக்கும்போது டாக்டர் செய்த ஒரு காரியத்தை எல்லோரும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். காளையின் காதிலிருக்கும் மஞ்சள் அடையாளத் தோட்டில் உள்ள பன்னிரண்டு இலக்க எண்ணை மாதிரிக் குப்பியிலும் அனுப்பும் படிவத்திலும் எழுதவைத்தார். "இல்லேன்னா வேற மாட்டு ரத்தத்தைக் குடுத்துட்டாங்கன்னு அடுத்த பேச்சு வரும்மா" என்றார். சொன்ன மாதிரியே வந்தது, ஆனால் தோட்டு எண்ணைக் காட்டியதும் நின்றது. ரோஸ் பெங்கால் என்ற ரத்தப் பரிசோதனையில் நோய் இல்லை என்று வந்தது. தொற்று புதிதாக இருந்தால் முதல் முறை பிடிபடாமல் போகலாம் என்பதால் சில வாரம் விட்டு மறுபடியும் எடுத்து, எலைசா என்ற இன்னொரு பரிசோதனையிலும் பார்த்தோம். அதிலும் இல்லை. கன்று வீசிய மாட்டுக்கும் என் செலவிலேயே பார்க்கலாமா என்று அந்த மாட்டுக்காரரைக் கேட்டேன். தாராளமாக ஒத்துக்கொண்டார். அதற்கும் இல்லை. இன்னொன்று, கிடாரிக் கன்றுகளுக்கு, அதாவது பெண் கன்றுகளுக்கு, நாலிலிருந்து எட்டு மாத வயதுக்குள் ஒரே ஒரு தடவை இந்த நோய்க்குத் தடுப்பூசி உண்டு. 2019இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் கோமாரித் தடுப்பூசியோடு இதையும் சேர்த்திருக்கிறார்கள். ஊசி போட்ட கிடாரிக்கு ரத்தப் பரிசோதனையில் நோய் இருப்பதுபோலக் காட்டவும் வாய்ப்பு உண்டு. எனவே எந்த மாட்டுக்கு எப்போது போட்டது என்று எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் அதுவே இன்னொரு வதந்திக்கு விதையாகும். காளைகளுக்கு இந்த ஊசி போடுவதில்லை.

இதற்கு நடுவில் வெளியூரிலிருந்து புதிதாக நாட்டு மாடு வாங்குகிறவர்கள் மத்தியில் வேறொரு பேச்சு. மயிலைக் காளைக்குச் சிவப்புக் கன்று பிறந்திருக்கிறது, ஆகவே இது கலப்பாம். எங்கள் பக்கத்துச் சின்னப் பையன்கூட இதற்குச் சிரிப்பான். காங்கேயம் கன்று பிறக்கும்போது செம்மையாகத்தான் இருக்கும், ஆறு மாதம் வாக்கில் மயிலைக்கு மாறும். காளையாக வளர்ந்தால் தலை, கழுத்து, திமில், பின்தொடை கருக்கும். காயடித்து எருதாக்கினால் வெளுக்கும். ஒரே கன்றை மாதாமாதம் எடுத்து வைத்திருந்த படங்களை வரிசையாகப் போட்டேன். அதோடு முடிந்தது. அறியாமையால் வரும் பேச்சுக்கு ஒரு படம் போதும். பயத்தால் வருவதற்குத்தான் காகிதம் வேண்டும். பொறாமையால் வருவதற்குக் காகிதமும் போதாது, ஆள் வேண்டும்.

அந்த ஆட்கள் என் நோட்டில் இருந்தார்கள். பனியன் கம்பெனிப் பழக்கத்தில், காளைக்கு வந்த ஒவ்வொரு மாட்டுக்கும் தேதி, மாட்டுக்காரர் பெயர், ஊர், தோட்டு எண், நிறம், எத்தனையாவது ஈத்து என்று எழுதி வைத்திருந்தேன். அப்பா இதைப் பார்த்துச் சிரிப்பார். அந்த நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன். பேச்சைப் பற்றி வாயே திறக்கவில்லை. "சினை நின்னுச்சுங்களா? கன்னு போட்டுச்சுங்களா? காளையா கிடாரியா?" அவ்வளவுதான் கேட்டேன். பெரும்பாலானவை நல்லபடியாகக் கன்று போட்டிருந்தன. போனை வைத்ததும் அவர்களே அவரவர் ஊரில் பேச ஆரம்பித்தார்கள். "எம்மாடு கன்னு போட்டுச்சே, எவன் சொன்னது?" என்று ஒரு பெரியவர் டீக்கடையில் சத்தம் போட்டாராம். நான் குழுவில் பத்துப் பக்கம் எழுதியிருந்தாலும் அது நடந்திருக்காது. காளை வைத்திருப்பவர்கள் இன்றைக்கே நாற்பது ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். மூன்றாம் மாதம் சினைப் பரிசோதனை முடிவையும் கேட்டு அதிலேயே எழுதுங்கள்.

குழுவில் பதில் போட எனக்கும் கை துறுதுறுத்தது. மாமாதான் தடுத்தார். என்னைத் திட்டியவர்களைவிட, எல்லாம் தெரிந்தும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த சிநேகிதர்கள்மேல்தான் எனக்கு அதிகக் கோபம் இருந்தது. கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. கடைசியில் பரிசோதனை முடிவின் படத்தை மட்டும் போட்டு, "சந்தேகம் உள்ளவர்கள் டாக்டரோடு வந்து நேரில் பார்க்கலாம்" என்று ஒரு வரி எழுதிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அதற்குக் கீழே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை கேட்டதில்லை.

வழக்கறிஞர் ஒருவரையும் பார்த்தேன். அவதூறு என்பது போலீஸ் நேரடியாக வழக்குப் பதிந்து ஆளைப் பிடிக்கிற குற்றமில்லை, மாஜிஸ்திரேட்டிடம் நாமே தனிப்புகார் கொடுக்க வேண்டும் என்றார். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 499, 500 என்று இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா 356ஆவது பிரிவு. நஷ்டஈடு கேட்டு உரிமையியல் வழக்குப் போடுவதென்றால் ஒரு வருஷத்துக்குள் போட்டாக வேண்டும். குரல் பதிவை அழிக்காமல், வந்த போனிலேயே வைத்திருக்கச் சொன்னார். மின்னணுச் சாட்சிக்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும் என்பதால், அடுத்தவர் போனிலிருந்து வாங்கிய நகலை மட்டும் நம்பினால் சிக்கல். பெயரே சொல்லாமல் பேசியிருப்பதால், கேட்டவர்கள் என்னைத்தான் சொன்னதாகப் புரிந்துகொண்டார்கள் என்பதற்குச் சாட்சி வேண்டும் என்றும் சொன்னார். நோட்டீஸ் தயாராகி இன்னும் பீரோவில் இருக்கிறது, அனுப்பவில்லை. அப்பாவைக் கோர்ட் வாசலுக்கு இழுக்க மனசு வரவில்லை. வேறொருவர் நிலைமையில் அனுப்புவதுதான் சரியாக இருக்கலாம்.

கணக்குப் பார்த்தால் ஜோடியில் நாற்பதாயிரம், காளை சும்மா நின்ற காலத்தில் வராமல் போனது கிட்டத்தட்ட முப்பதாயிரம், வழக்கறிஞர், பெட்ரோல், போக்குவரத்து என்று ஒரு ஆறேழாயிரம். தூக்கம் போனதும், அம்மா சந்தைக்குப் போகவே வேண்டாம் என்று அழுததும் எந்தக் கணக்கிலும் வராது. இப்போது மாடுகள் வருகின்றன. பழைய அளவுக்கு இல்லை. துடைப்பச் சுழியை நம்புகிறவர்கள் வருவதே இல்லை, அவர்களை மாற்ற நான் முயற்சியும் செய்யவில்லை. வருகிற மாட்டிடமும் நோயில்லாச் சான்று கேட்கிறேன். முன்பு யாரும் கேட்டதில்லை, முகம் சுளிக்கிறார்கள், இருந்தாலும் கேட்கிறேன்.

அடுத்த வருஷம் இந்தக் காளையை மாற்றியாக வேண்டும். இதற்குப் பிறந்த கிடாரிகள் எங்கள் பட்டியிலேயே பருவத்துக்கு வந்துவிடும், தகப்பனையே மகளுக்கு விட முடியாது. காளையை விற்கிற அன்றைக்கு "நோயாலதான் தள்ளி விட்டுட்டா" என்று பேச்சு கிளம்பும் என்பது எனக்கு இப்போதே தெரியும். அதனால் மாடு பிடித்து வருகிற ஒவ்வொருவரிடமும் எப்போது மாற்றப் போகிறேன், எதற்காக என்பதை இப்போதிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறேன். விற்பதற்கு முந்தின வாரம் இன்னொரு முறை ரத்தம் எடுத்து, அந்த முடிவையும் நோட்டின் நகலையும் வாங்குகிறவர் கையில் கொடுத்துவிடுவதாக இருக்கிறேன்.